தலைமீன்

எங்கள் ஊரில் கடல் கிடையாது. ஆனால் சமுத்திரம் உண்டு. திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்கு அந்தப் பக்கம் விரிந்து கிடக்கும் ஏரிக்குச் சமுத்திரம் ஏரி என்று பெயர். கடலைப் பார்க்க ஆசைப்பட்ட ராணிக்காக அந்தக் காலத்தில் இந்தச் சீமையை ஆண்ட ஒருவர் வெட்டிவைத்தது என்று ஒரு கதை சொல்வார்கள். பல வருடம் பாதி கூட நிறையாது. நிறைந்து கோடி போகிற வருடங்களில் அப்பா என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து, மூங்கில் கழியைக் கேரியரில் கட்டிக்கொண்டு மீன் பிடிக்கக் கிளம்பிவிடுவார். கெண்டை, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு விரால். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது வரை நீர் என்றால் அதுதான்.

கடல் என்ற சொல்லோடு எனக்கு முதல் உறவு ஏற்பட்டது தோளில். கார்த்திகை தீபத் திருவிழாவின் ஆறாம் நாள் காலையில் அறுபத்து மூவர் வீதியுலா நடக்கும். நாயன்மார்களின் திருமேனிகளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் சுமந்துகொண்டு மாடவீதி சுற்றுவார்கள். ஏழாம் வகுப்பில் எனக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்தது. விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்து, வேட்டி கட்டத் தெரியாமல் அப்பாவின் வேட்டியை இரண்டாய் மடித்து இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு போனேன். எங்கள் தோளுக்கு வந்த நாயனாரின் உடம்பு முழுவதையும் மாலை மறைத்திருந்தது. முகம் மட்டும் தெரிந்தது. "இவர் யார் சார்?" என்று கேட்டேன். "அதிபத்தர். மீன் பிடிக்கிறவர். நாகப்பட்டினம்" என்றார் தமிழாசிரியர். கடலையே பார்க்காத நான்கு பையன்கள், கடலிலேயே வாழ்ந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்தில் நடந்தோம். தேரடி திரும்பும்போது தோள் காந்தியது. இறக்கிவைக்க மனசு வரவில்லை.

அவருடைய ஊருக்குப் போய்ப் பார்க்க எனக்கு நாற்பது வருடம் ஆகியிருக்கிறது. போகவைத்தது 2024ஆம் வருடத்து மழை.

அந்த டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் கரையேறிய மறுநாள், எங்கள் மலையில் மண் சரிந்தது. பாறையும் சேறும் அடிவாரத்து வ.உ.சி. நகர் வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்துபோனார்கள். ஐந்து பேர் குழந்தைகள். மலையே சிவன் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் மகளுக்கு வரன் என்றாலும் அந்த மலையைப் பார்த்துத்தான் கைகூப்புவோம். அதே மலை குழந்தைகள் மேல் இறங்கியது. டிசம்பர் 13 அன்று தீபம் ஏற்றினார்கள். 2,668 அடி உயரத்தில் வழக்கம்போல் எரிந்தது. பக்தர்களை மட்டும் மலையேற விடவில்லை. மொட்டைமாடியில் நின்று சுடரைப் பார்த்தபோது என் கை தானாகக் குவிந்தது. வாய் வரவில்லை. "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று தெருவே முழங்கியபோது நான் சும்மா நின்றிருந்தேன்.

அதன் பிறகு கிரிவலம் போனேன். 14 கிலோமீட்டரும் நடந்தேன். நடக்கும்போதுதான் எனக்கே ஒன்று புரிந்தது. இத்தனை வருடமும் நான் கேட்டுக்கொண்டேதான் நடந்திருக்கிறேன். இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசான்ய லிங்கம் வரை ஒவ்வொரு சன்னிதியிலும் ஒரு விண்ணப்பம். நன்றி என்று சொன்னதெல்லாம் கேட்டது கிடைத்த பிறகு சொன்னது. கேட்டது கிடைக்காதபோதும் கேட்காதது வந்துசேரும்போதும் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் ஏழாம் வகுப்புத் தோள் ஞாபகத்துக்கு வந்தது.

அதிபத்தர் கதை சின்னது. சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் ஒரு வரியில் பெயர் சொன்னார்; சேக்கிழார் பெரியபுராணத்தில் அதை விரித்தார். நாகையில் நுளைப்பாடி என்ற மீனவர் குடியிருப்பின் தலைவர் அதிபத்தர். தினமும் வலையில் விழும் முதல் மீனை, அதாவது தலைமீனை, சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். ஒரு காலம் வந்தது. நாளுக்கு ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது. அந்த ஒன்றையும் விட்டார். நாள் கணக்காக விட்டார். செல்வம் கரைந்தது, சுற்றத்தார் பசியில் வாடினார்கள். சேக்கிழார் அந்தப் பசியை மறைக்கவில்லை. பிறகு ஒருநாள் பொன்னும் மணியுமாக ஒரு மீன் விழுந்தது. கூட இருந்தவர்கள் கூவினார்கள். அதுவும் அன்றைக்கு முதல் மீன். ஆகவே அதுவும் கடலுக்கே போனது. இறைவன் விடை மேல் காட்சி தந்தார்.

சின்ன வயதில் கேட்டபோது பொன்மீன் மட்டும் மனதில் நின்றது. இந்த வயதில் படிக்கும்போது அது பெரிதாகப்படவில்லை. பொன்னை விட்டவர்கள் எத்தனையோ பேர் புராணத்தில் உண்டு. என்னைப் பிடித்து நிறுத்தியது முதல் மீன். ஏழாவதை விடலாம், கடைசியை விடலாம், கூடை நிறைந்த பிறகு நல்லதாக ஒன்றைப் பொறுக்கி விடலாம். இவர் முதலை விட்டார். இன்னொன்று வருமா வராதா என்று தெரியாத நேரத்தில் விட்டார்.

ஆவணி மாதம் ஆயில்ய நட்சத்திரத்தன்று நாகையில் அவருக்கு விழா. அந்த ஊர்ச் சிவன் காயாரோகணேசுவரர் கடற்கரைக்கு எழுந்தருள்வார். மீனவர்கள் அதிபத்தர் திருமேனியைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோய், பொன்மீனும் வெள்ளிமீனும் வைத்து அன்று நடந்ததை அப்படியே நடத்திக் காட்டுவார்கள். அந்த நாளில் எனக்கு விடுப்பு அமையவில்லை. பத்து நாள் கழித்துத்தான் கிளம்ப முடிந்தது. ஒருவகையில் அதுவே நல்லதாகப் போயிற்று. விழா நாளில் எல்லாருக்கும் மனசு நெகிழ்ந்திருக்கும். சாதாரணமான ஒரு காலைப் பொழுதைத்தான் நான் பார்க்க விரும்பினேன்.

திருக்கோவிலூர், பண்ணுருட்டி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் என்று பஸ் மாறி மாறிப் போகும் பாதை. திருக்கோவிலூரில் தென்பெண்ணையைக் கடக்கும்போது ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டேன். இதே ஆற்றுக்கு மணலூர்பேட்டையில் தை 5ஆம் நாள் எங்கள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருவார். இதே ஆற்றில்தான் 2024 டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் போனது. கடலூர் வரை வழியெல்லாம் வீடுகளும் வயல்களும் மூழ்கின. நான் பார்த்த அன்று மணல்தான். நடுவில் ஒரு ஓடை, அதில் இரண்டு எருமைகள். எங்கள் பக்கத்து மழையெல்லாம் கடைசியில் கடலூரில் கடலோடு கலக்கிறது. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஆறுதான் தூரம் என்று அன்று தோன்றியது.

காரைக்காலில் இருட்டிவிட்டது. நாகூரைத் தாண்டும்போது தர்கா மனோராக்களில் விளக்குகள். எதிர்த்திசையில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்துபோய்த் திரும்புகிறவர்களின் கூட்டம். இந்தக் கரையில் கடலுக்குப் போகிறவன் நாகூர் ஆண்டவருக்கும் நேர்ந்துகொள்வான், ஆரோக்கிய மாதாவுக்கும் மெழுகுவர்த்தி ஏற்றுவான், நீலாயதாட்சிக்கும் பூ வாங்குவான். அலைக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கு அது இயல்பு.

என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் பெரியப்பா நம்பியார் நகரில் இருக்கிறார். அதிபத்தர் வாழ்ந்த நுளைப்பாடி இந்த இடம்தான் என்று அங்கே சொல்வார்கள். எழுபது தாண்டியவர். முழங்கால் போன பிறகு படகில் போவதில்லை. மகன் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். பெரியவர் கரையில் நின்று கைத்தூண்டில் போடுகிறார். நானும் பெரியப்பா என்றே கூப்பிட்டேன். "நாளைக்கு நாலரைக்கு வந்துருங்க தம்பி. செருப்பு வேணாம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நாலரைக்குப் போனேன். கரையிலிருந்து கடலைப் பார்த்து மெல்லிய காற்று போய்க்கொண்டிருந்தது. படகுகளெல்லாம் எப்போதோ போய்விட்டன. தூரத்தில் விளக்குப் புள்ளிகள். பெரியப்பா கையில் ஒரு பழைய தண்ணீர் பாட்டில். அதில் சுற்றியிருந்தது தங்கூஸ் நரம்பு. நுனியில் விரல் கடை அளவு ஈயம், அதற்கு மேல் சாண் இடைவெளியில் இரண்டு முள். ஒரு தகர டப்பாவில் உரித்த இறால் துண்டுகள், உப்புத் தடவியது. உப்புப் போட்டால் இரை இறுகும். அலை அடிக்கும்போது முள்ளிலிருந்து கழன்றுபோகாது. அவருடைய மொத்தச் சாமானும் ஒரு மஞ்சள் பையில் அடங்கிவிட்டது.

போனவுடன் தூண்டில் போட ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். அவர் கால் மணி நேரம் சும்மா நின்று கடலைப் பார்த்தார். பிறகு வடக்கே நூறு அடி நடந்து நின்றார்.

"அங்க பாருங்க. அலை வெள்ளையா உடையுதுல்ல, அது மேடு. இந்தப் பக்கம் உடையாம கறுத்து வருது பாருங்க. அது பள்ளம். அலை மண்ணைக் கௌறி இரையைத் தள்ளிவிடும். அது பள்ளத்துலதான் ஒதுங்கும். மீனு அங்க வந்து நிக்கும்."

இருட்டில் எனக்கு எல்லாம் ஒரே கறுப்பாகத்தான் தெரிந்தது. வெளிச்சம் கொஞ்சம் பரவிய பிறகு பார்த்தேன். அவர் சொன்ன இடத்தில் ஒரு பத்துப் பதினைந்தடி அகலத்துக்கு அலை உடையாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

முழங்கால் நீரில் இறங்கி, ஈயத்தைத் தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றி விட்டார். பாட்டிலிலிருந்து நரம்பு சரசரவென்று உருவிக்கொண்டு போனது. பின்னோக்கி நடந்து வந்து ஈர மணலில் நின்று, நரம்பை ஆள்காட்டி விரலின் மேல் ஓடவிட்டுப் பிடித்துக்கொண்டார். விரலைப் பார்க்கவில்லை. கண்கள் கிழக்கே இருந்தன.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் சூரியன் எழுந்தது. சமுத்திரம் ஏரிக்கரையில் நாங்கள் பார்க்கிற சூரியன் ஏற்கனவே யாருடைய வீட்டுக் கூரையையோ தென்னையையோ தாண்டி வந்ததாக இருக்கும். இங்கே அதற்கும் எனக்கும் நடுவில் ஒன்றுமில்லை. நீரிலிருந்து நேராக எழுந்து வந்தது. நான் கும்பிட்டேன். பெரியப்பாவும் தலையை மட்டும் அசைத்துக்கொண்டார்; கை நரம்பில் இருந்தது.

அப்போதுதான் விரல் துடித்தது. அவர் சடாரென்று இழுக்கவில்லை. ஒரு கொத்துக்கு விட்டார், இரண்டாவதுக்கும் விட்டார், மூன்றாவதுக்கு மணிக்கட்டை மட்டும் சுண்டினார். பிறகு கைமாற்றி கைமாற்றி இழுத்தார். அலையின் கடைசி நுரையில் ஒரு வெள்ளி வெட்டு மின்னியது. கிழங்கான். என் கைக்கு ஒரு சாண் இருக்கும். உருண்டு நீண்ட உடம்பு, கூரிய மூக்கு, மேல்பக்கம் ஈர மணலின் அதே நிறம், வயிறு மட்டும் வெள்ளி. மணலில் பிறந்து மணலிலேயே ஒளிந்து வாழும் மீன். உற்றுப் பார்த்தாலொழியக் கண்டுபிடிக்க முடியாது.

பெரியப்பா முதலில் குனிந்து கையை அலையில் நனைத்துக்கொண்டார். பிறகுதான் மீனைத் தொட்டார்.

"அது மேல வழவழன்னு இருக்குல்ல, அதுதான் அதுக்குச் சட்டை. காஞ்ச கையால புடிச்சா உரிஞ்சி வந்துரும். அப்புறம் உட்டாலும் பொழைக்காது."

முள்ளை வந்த வழியிலேயே திருப்பிக் கழற்றினார். மீனை இரண்டு கையிலும் ஏந்தி இடுப்பளவு நீர் வரை போனார். முழங்கால் வலிக்காரர், ஒவ்வொரு அலைக்கும் நின்று நின்று போனார். நீருக்கடியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். மந்திரம் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. உதடு மட்டும் அசைந்தது. திரும்பி வரும்போது கை வெறுமையாக இருந்தது.

"என்ன சொன்னீங்க பெரியப்பா?"

"என்னத்தச் சொல்றது. எடுத்துக்கப்பான்னேன்."

அதன் பிறகு முக்கால் மணி நேரம் ஒன்றும் படவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்த மீன் குழம்புக்கு உதவியிருக்குமே என்ற எண்ணம் வந்தது; வந்ததற்கு வெட்கப்பட்டேன். அவர் இரையை மாற்றிப் போட்டார், இன்னும் கொஞ்சம் வடக்கே நகர்ந்தார், பழையபடி நின்றார். முகத்தில் நஷ்டக் கணக்கு எதுவும் இல்லை. எல்லாரும் இப்படிச் செய்வதில்லை என்றார். அவருடைய அப்பா செய்தார், இவர் செய்கிறார். மகன் படகில் செய்கிறாரா என்று இவர் கேட்டதில்லை. "அது அவனுக்கும் சாமிக்கும்."

முதல் மீனைத் தெய்வத்துக்குத் திருப்பித் தருவது நாகையோடு முடிகிற வழக்கமில்லை. நியூசிலாந்தில் மாவோரி மக்கள் கடல் தெய்வமான தங்காரோவாவுக்கு முதல் மீனை விடுவார்கள். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வருடத்தின் முதல் சால்மனை ஊரே கூடி வரவேற்று, உண்ட பிறகு எலும்புகளை ஆற்றிலேயே சேர்க்கும் பழங்குடிகள் உண்டு. நம்மூர் உழவர்கள் முதல் கதிரைச் சாமிக்குக் கட்டுவார்கள். ஆனால் விதைத்தவனுக்குக் கண்முன்னே வயல் நிற்கிறது. முதல் கதிரை அறுக்கும்போதே மிச்சம் எவ்வளவு என்று தெரியும். கடலில் விதைத்தவன் யாரும் இல்லை. அடுத்தது இருக்கிறதா என்பது தெரியவே தெரியாது. அந்த நிலையில் கை விடுவதை நேரில் பார்த்தபோதுதான், நான் நாற்பது வருடமாகச் செய்துவந்தது வேறு ஏதோ ஒன்று என்று உறைத்தது.

கேட்கத் தயங்கியதை மெல்ல ஆரம்பித்தேன். "பிள்ளைங்க பசியில இருக்கும்போது அதிபத்தர் இருந்த ஒரே மீனையும் விட்டாரே. அது சரிதானா பெரியப்பா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. நரம்பை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "சரியான்னு கேட்டா எனக்குத் தெரியாது தம்பி. ஒரே மீனு கெடைச்ச நாளு எனக்கும் இருந்துருக்கு. விட்டுட்டுத்தான் வருவேன். புள்ளைங்க சின்னதா இருந்தப்ப ரெண்டு தடவை விடல. வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். அதையும் அவருகிட்டச் சொல்லிட்டேன்" என்றார்.

நாயன்மார் கதைகளை வாசித்து வியக்கிறவர்கள் நாம். அவர் அதிபத்தரைத் தன் தொழில்காரராக, தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவராக நினைத்துப் பேசினார். அந்த உரிமை எனக்குப் பொறாமையாக இருந்தது.

சுனாமியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று பௌர்ணமி. எங்கள் ஊரில் கிரிவலத்துக்கு ஜனம் திரண்டுகொண்டிருந்தபோதுதான் டீக்கடை டிவியில் அந்தச் செய்தி ஓடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று இரவு பாதை நிறைய ஆட்கள் நடந்தார்கள்; நானும் நடந்தேன். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள் என்பது நாள்கள் கழித்துத் தெரிந்த கணக்கு. பெரியப்பாவுக்கு அது கணக்கில் வரவில்லை. தங்கையும் தங்கையின் இரண்டு பிள்ளைகளும். சின்னவனைத் தேடி மூன்று நாள் நடந்திருக்கிறார்.

"நாலஞ்சு மாசம் கடலுக்குத் திரும்பி நிக்கல. அப்புறம் வயிறு இருக்குல்ல. கட்டுமரம் போச்சு, ஃபைபர் போட் குடுத்தாங்க, போனோம். மொத நாளே நல்ல பாடு. தலைமீனு கையில இருக்கு. விடல. நீ எடுத்தது போதும்னுட்டேன். சத்தமாவே சொன்னேன். ரெண்டு வருசம் விடல."

"அப்புறம்?"

"அப்புறம் ஒருநாளு விட்டுட்டேன்."

நான் காரணத்துக்காகக் காத்திருந்தேன். கனவில் சாமி வந்தார், ஒரு பெரியவர் புத்தி சொன்னார் என்று ஏதாவது வரும் என்று. அவரும் யோசித்துப் பார்த்தார்.

"தெரியல தம்பி. கோவம் போயிருச்சான்னா, போகல. இன்னைக்கும் அந்தத் தேதிக்குக் கடலுகிட்டப் போயிப் பூவும் போடுவேன், நாலு வார்த்தை ஏசிட்டும் வருவேன். அன்னிக்கு மீனு கையில துள்ளுச்சு, கை தானா விட்டுருச்சு. விட்டப்பறம் அழுதேன். அந்தச் சின்னப் பயலுக்காக நான் அன்னைக்குத்தான் அழுதேன்."

அலை வந்து எங்கள் கணுக்காலைச் சுற்றி மணலை உருவிக்கொண்டு போனது. நான் வ.உ.சி. நகர்க் குழந்தைகளைப் பற்றி அவரிடம் சொன்னேன். அந்த வருட தீபத்துக்கு வாய் திறக்காமல் நின்றதையும் சொன்னேன். மனைவியிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. பெரியப்பா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அஞ்சு புள்ளைங்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பாட்டிலை என் கையில் கொடுத்தார். "இந்தா, நீங்க கொஞ்சம் புடிங்க."

நான் சுற்றி எறிந்த ஈயம் இருபதடியில் விழுந்தது. அடுத்தது பின்பக்கம் மணலில். மூன்றாவதில் நரம்பு விரலை அறுத்துக்கொண்டு போனது. ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பில் மெல்லிய கோடாக ரத்தம். உப்புத் தண்ணீரில் நனைக்கச் சொன்னார், நனைத்தேன், எரிந்தது. நான்காவது முறை ஓரளவு போய் விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அந்த நரம்பின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்பதைத் தவிர வேறு நினைப்பே எனக்கில்லை. ஈயம் மணலில் உருள்வது விரலுக்குத் தெரிந்தது. அலை தூக்குவது, விடுவது, ஏதோ ஒன்று வந்து முகர்ந்துவிட்டுப் போவது எல்லாம் தெரிந்தது. அப்பா ஏன் ஏரிக்கரையில் வாய் பேசாமல் உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு அப்போதெல்லாம் விளங்கியதில்லை. அவர் போன பிறகு பதினொரு வருடம் கழித்து, முன்பின் தெரியாத கடலோரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

எனக்கு மீன் படவில்லை. பெரியப்பாவுக்கு எட்டரைக்குள் ஆறு கிழங்கான், ஒரு சின்னப் பாரை. "இது போதும்" என்று நரம்பைச் சுற்ற ஆரம்பித்தார். அவர் சொன்ன போதும் வேறு ரகம். அதே சொல்லைத்தான் கோபத்தோடு கடலைப் பார்த்தும் அவர் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் பெரியம்மா மீனை வாங்கி மணலில் உரசிக் கழுவினார்கள். கிழங்கானில் முள் குறைவு, பச்சை மாங்காய் போட்டு வைக்கப்போவதாகச் சொன்னார்கள். கோயிலுக்குப் போக வேண்டும் என்றேன். "அப்ப மொதல்ல குளிச்சிட்டுப் போயிட்டு வாங்க தம்பி. வந்து சாப்புடலாம். குழம்பு எங்க போகப்போவுது" என்றார்கள்.

நாகைக் காரோணம் என்னும் அந்தக் கோயில் தேவார மூவரும் பாடிய தலம். ஏழு விடங்கர் தலங்களில் ஒன்று. இங்குள்ள சுந்தர விடங்கரின் ஆட்டத்துக்குக் கடலலையின் ஆட்டம் என்று பொருள்படப் பாராவாரதரங்க நடனம் என்று பெயர். காலை முழுவதும் அந்த ஆட்டத்துக்குள்தான் நின்றிருந்தேன் என்று அந்தப் பெயரைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. நீலாயதாட்சி சன்னிதியில் கூட்டம் அதிகம். கருந்தடங்கண்ணி என்று தமிழில் சொன்னால் இன்னும் நெருக்கமாக இருக்கிறது. கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பவளுக்குக் கண்ணால்தானே பெயர் வைப்பார்கள்.

அதிபத்தருக்குத் தனிச் சன்னிதி உண்டு. அங்கே யாரும் இல்லை. என் தோளில் வந்தபோது மாலைக்குள் முகம் மட்டும் தெரிந்தவரை இன்று முழுதாகப் பார்த்தேன். பிறகு காயாரோகணர் சன்னிதிக்கு வந்து அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். குருக்கள் தேங்காயை எடுத்து வைத்துக்கொண்டு, "பேர், நட்சத்திரம், கோத்திரம் சொல்லுங்கோ" என்றார்.

அண்ணாமலையார் சன்னிதியில் இந்தக் கேள்விக்கு ஒரு மூச்சில் பதில் சொல்வேன். என் பெயர், மனைவி பெயர், மகன், மகள், பேத்தி. எல்லாருடைய நட்சத்திரமும் வரிசையாக நாக்கில் நிற்கும். கூடவே யார் யாருக்கு என்ன வேண்டும் என்பதும் மனதுக்குள் வரிசையாக நிற்கும். அன்றைக்கும் வேண்டியது இல்லாமல் இல்லை. மகனுக்கு இன்னும் வேலை நிலைக்கவில்லை. மனைவிக்கு அடுத்த மாதம் மறுபடி ஸ்கேன்.

"சுவாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இப்படிச் சொல்கிறவர்கள் தினமும் வருவார்கள்போல. அர்ச்சனை முடித்துத் தட்டில் விபூதி வைத்துக் கொடுத்தார். ஆள்காட்டி விரலால் தொட்டபோது நரம்பு அறுத்த இடத்தில் சுரீரென்றது.